ஜான் ஆபிரகாம்: சில்லறைக் காசில் எடுத்த சினிமா

(பாச்சலூரில் நம் குடியிருப்பின் காலாண்டுக் கூட்டத்தில், ‘அக்ரகாரத்தில் கழுதை’ படத்தைத் திரையிடும் முன் பேசியது. அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே.)



இன்று பார்க்கப் போகும் படத்தின் இயக்குநர் ஜான் ஆபிரகாம். உடனே இந்தி நடிகரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் 1937-ல் பிறந்த கேரளத்துக்காரர். 1987 மே 31 அன்று, ஐம்பது வயது நிறையும் முன்பே காலமானவர். எடுத்த முழுநீளப் படங்கள் நான்கே நான்கு. மூன்று மலையாளம், ஒன்று தமிழ்.

இந்தப் படம் நமக்கு எதற்கு என்று வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். தலைப்பே குத்துகிறதே, பெரியவர்கள் இருக்கிற இடத்தில் வீண் மனக்கசப்பு ஏன் என்று. நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் படத்தைப் போடுவது சரியில்லை என்பதால் இந்தப் பத்து நிமிடம்.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜான் முதலில் பார்த்தது எல்.ஐ.சி. வேலை, பெல்லாரியில். என்னைப் போல் வங்கிக் கவுண்டரில் காலம் கழித்தவனுக்குத் தெரியும், அந்த நாளில் எல்.ஐ.சி. வேலையை விடுகிறேன் என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று. அவர் விட்டார். புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ரித்விக் கட்டக் அவருக்கு ஆசிரியர். பிறகு மணி கௌலின் ‘உஸ்கி ரோட்டி’யில் உதவியாளர். 1972-ல் முதல் படம், ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’. அது பெரிதாகப் போகவில்லை.

1977-ல் நம் கழுதை. திரைக்கதை விமர்சகர் வெங்கட் சாமிநாதன். பேராசிரியராக நடித்திருப்பவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். தாயை இழந்த கழுதைக் குட்டி ஒன்றை இந்தப் பேராசிரியர் எடுத்து வளர்க்கிறார். கல்லூரியில் கேலி பொறுக்க முடியாமல் சொந்த ஊர் அக்ரகாரத்தில் கொண்டுபோய் விடுகிறார். வாய் பேசாத ஒரு பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள். அதன்பின் ஊரில் எது நடந்தாலும் பழி கழுதையின் தலையில். முடிவைச் சொல்ல மாட்டேன்.

படம் யாரையும் குத்தவில்லை என்று நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. குத்தத்தான் செய்கிறது. ஆனால், நம் மோட்டார் எரிந்துபோனால் முதலில் அடிபடுவது யார் பெயர்? வாட்ச்மேன் பெயர். லிப்ட் கதவு கீறியிருந்தால்? வீட்டு வேலைக்கு வருகிற அம்மா பெயர். வாயில்லாத ஒன்றின் மேல் பழி போடுவதற்கு அக்ரகாரம்தான் வேண்டும் என்றில்லை. படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது கிடைத்தது. எதிர்ப்பு வந்ததும் தூர்தர்ஷன் ஒளிபரப்பாமல் பின்வாங்கியது. அவர்கள் பின்வாங்கியது போல் நாமும் பின்வாங்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

1979-ல் ‘செரியாச்சன்டெ க்ரூரக்ருத்யங்ஙள்’. அடூர் பாசி நடித்தது. அதைக் கடந்து, எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். அது கணக்கு.

நான் பி.காம். படித்தவன். யாராவது கடன் கேட்டு வந்தால் கேட்பது மூன்று கேள்வி. ஈடு என்ன, ஜாமீன் யார், எப்போது திருப்புவாய்? தயாரிப்பாளரும் இதையேதான் கேட்பார். படத்தில் பாட்டு, சண்டை எல்லாம் வருவது அந்த மூன்றாவது கேள்விக்குப் பதிலாகத்தான். ஜான் இந்தக் கேள்விகளுக்கே இடமில்லாமல் செய்தார். 1984-ல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு ‘ஒடேசா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போனார்கள். சாப்ளின் படம் போட்டுக் காட்டி, கூடியவர்களிடம் கைநீட்டினார்கள். சில்லறையாகச் சேர்ந்தது. அந்தப் பணத்தில் 1986-ல் ‘அம்ம அறியான்’ வந்தது.

இறந்துபோன ஓர் இளைஞனின் அம்மாவுக்குச் செய்தி சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சிக்குப் புறப்படுகிறான் ஒருவன். வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்துகொண்டே போகிறார்கள். படத்துக்குப் பணம் சேர்ந்ததும் இப்படித்தானே! காசு கொடுத்தவருக்கு வட்டி இல்லை, பங்கு இல்லை, பத்திரம்கூட இல்லை. எந்தப் பேரேட்டில் எழுதுவது? ஆனால் முடிந்த படம் கொடுத்தவர்களைத் தேடி ஊருக்கே வந்தது, லாபக் கணக்கு இல்லாமல். படம் பார்க்க மலை இறங்கிப் போகிற நமக்கு இதன் அருமை தெரியும். அவர்கள் பாச்சலூர் வந்திருந்தால், காப்பிக் கொட்டை காயப்போடும் களத்திலேயே திரை கட்டியிருப்பார்கள்.

குடி அவரை நிறையக் கெடுத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மேலிருந்து விழுந்து இறந்தார். இன்னும் நான்கு படமாவது எடுத்திருக்க வேண்டிய ஆள்.

பிரதி பழையது. சில இடங்களில் வசனம் தெளிவாகக் கேட்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று எழுதியவர்கள் தயவுசெய்து முன்வரிசையில் உட்காருங்கள். படம் முடிந்ததும் முதலில் நீங்கள்தான் பேச வேண்டும். இப்போது விளக்கை அணைக்கச் சொல்கிறேன்.