இல்லக் கணினியும் கட்டற்ற மென்பொருளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியமும் இசையும் ஒலிக்கும் இவ்வவையில் கணினியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். பொருள் வறண்டது என்று யாரும் எண்ண வேண்டா. நம் இல்லங்களின் மூலையில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கும் பழைய கணினியைப் பற்றியும், அதை எறிவதா, வாழவைப்பதா என்பதைப் பற்றியுமே நான் பேச வந்துள்ளேன்.

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. வீட்டுப் பயனர்க்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது, அவ்வளவே. அடுத்து வந்த விண்டோஸ் 11, ஏறத்தாழ 2017-ஆம் ஆண்டுக்கு முன் வெளிவந்த பெரும்பாலான கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. பொறி பழுதுபடவில்லை, திரையும் விசைப்பலகையும் நன்றாகவே உள்ளன. ஆயினும் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. பிள்ளையின் படிப்புக்கென்று பல மாதம் சேமித்து, சாந்தினி சௌக்கிலே கடை கடையாக விலை கேட்டு வாங்கிய கணினியை, காலாவதி ஆயிற்று என்ற ஒரே சொல்லுக்காக நாம் கைவிட வேண்டுமா? இதுவே கேள்வி.

இதற்கு ஒரு மாற்று உண்டு. லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் அது. கணினியின் உறுப்புகளையும் நாம் செய்யும் வேலையையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்ற உரிமை இருந்தால், அது கட்டற்ற மென்பொருள் ஆகிறது.

இது புதுமையான கொள்கை அன்று. இந்நகரின் வட எல்லையில், பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி. 2-எம் என்னும் கணினி வந்து இறங்கியது. இந்நாட்டின் முதல் மின்னணுக் கணினி என்று அறிஞர்கள் குறிப்பிடுவது அதனையே. அக்காலத்தில் மென்பொருளுக்கென்று தனி விலை இல்லை. எழுதியவர்கள் தம்முள் பகிர்ந்துகொண்டனர். 1969-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்த பின்னரே, அது பூட்டிய பெட்டிக்குள் வைத்து விற்கப்படும் பண்டமாக மெல்ல மாறியது. அப்பூட்டைத் திறக்க 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து நாட்டு மாணவர் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். இரண்டும் இணைந்தன, உலகெங்கும் உள்ளோர் கைகொடுத்தனர்.

இன்று உலகின் தலைசிறந்த 500 மீக்கணினிகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 2017 நவம்பர் முதல் அவை அனைத்தும் லினக்ஸில் இயங்குபவையே. அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் லினக்ஸ் கருநிரலே. இந்தியாவில் பத்துக் கைப்பேசிகளில் ஒன்பதுக்கு மேல் அவ்வகையைச் சேர்ந்தவை. மீன் வாங்கும்போது பணம் செலுத்துவதும், ஊரிலுள்ள பேரனை முகம் பார்த்துப் பேசுவதும் அதன் துணையால்தான்.

இத்தனை இடங்களில் வென்ற ஒன்று, வீட்டு மேசையில் மட்டும் ஏன் சிறு பங்கோடு நிற்கிறது? பயன்படுத்தக் கடினம் என்பர் சிலர். அது முழு உண்மை அன்று. கைப்பேசியின் அடித்தளம் யாது என்று கேட்டு யாரும் கைப்பேசி வாங்கவில்லை. கடைக்காரர் கொடுத்த பொறியில் அது முன்னரே இருந்தது. மேசைக் கணினியிலோ முன்னரே இருந்தது விண்டோஸ். பள்ளியில் கற்றதும் அதுவே. அலுவலகத்தில் பழகியதும் அதுவே. பழுது பார்க்க வரும் இளைஞர் அறிந்ததும் அதுவே. ஆகவே இது தரத்தால் நேர்ந்த தோல்வி அன்று. பழக்கத்தால் நேர்ந்த தோல்வி.

பழக்கத்தை மாற்ற முடியுமா? தென் மாநிலங்கள் இரண்டு வெவ்வேறு வழிகளில் முயன்றன. கேரள அரசு 2001-ஆம் ஆண்டில் ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2017-இல் அது கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. அவர்கள் மென்பொருளை மட்டும் வழங்கவில்லை. ஆசிரியர்களைப் பயிற்றினர், பாடநூலை அதற்கேற்ப எழுதினர், தேர்வையும் அதிலேயே நடத்தினர். கேரளத்துச் சிற்றூர்ப் பிள்ளைக்கு லினக்ஸ் அயலானாகத் தோன்றாமைக்குக் காரணம் இதுவே.

தமிழ்நாட்டிலும் எல்காட் நிறுவனம், உமாசங்கர் அவர்கள் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. பின்னர் 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. அப்பொறிகளில் விண்டோஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நல்ல எண்ணந்தான். ஆனால் இரு கதவுகள் திறந்திருக்கும் வீட்டில், பழகிய கதவின் வழியாகவே நுழைவது மனித இயல்பு. மற்றொரு கதவின் பக்கம் கைபிடித்து அழைத்துச்செல்ல ஓர் ஆள் வேண்டும்.

அன்பர்களே, இந்த உண்மையை நம்மினும் நன்கு அறிந்தவர் யார்? நம் முன்னோர் சென்னை மெயிலில் வந்து ஹௌரா நிலையத்தில் இறங்கியபோது வங்கமொழி அறிந்தா இறங்கினர்? லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் எங்கே கிடைக்கும், எந்த டிராமில் ஏற வேண்டும் என்று அவர்களுக்குச் சொன்னவை நூல்கள் அல்ல. முன்னே வந்து குடியேறிய அடுத்த வீட்டுத் தமிழரே சொன்னார். நான்கு திங்களில் கடைக்காரரிடம் வங்காளியில் பேரம் பேசும் அளவுக்குத் தேறினோம். மொழியைவிடவா இயங்குதளம் கடினமானது?

எனினும் உண்மையை மறைத்துப் பரிந்துரைப்பது நட்புக்கு அழகன்று. வீட்டிலிருந்தே டாலி கொண்டு கணக்கெழுதுவோர் விண்டோஸிலேயே இருப்பது நலம்; அம்மென்பொருள் அதற்கென்றே எழுதப்பட்டது. சில அச்சுப்பொறிகள் இணங்கா. வேர்டில் அமைத்த கோப்புகள் லிப்ரே ஆபிஸில் திறக்கும். ஆனால் பக்க அமைப்பு சிறிது கலையக்கூடும். பிள்ளைகள் விரும்பும் சில விளையாட்டுகள் ஓடா. மற்றபடி இணையத்தில் படிப்பது, மின்னஞ்சல், வங்கி வேலை, வருமான வரிப் படிவம், பாட்டும் படமும் ஆகியவை யாவும் தடையின்றி நடக்கும். தமிழ்99 விசைப்பலகையைத் தெரிவு செய்துகொண்டால், தனி மென்பொருள் வாங்காமலே தமிழில் எழுதலாம். ஐயம் தீர்க்க, 2012 முதல் கணியம் என்னும் மின்னிதழ் தமிழிலேயே இத்துறைக் கட்டுரைகளை வழங்கிவருகிறது. வங்க இளைஞர்களும் 'அங்கூர்' என்ற பெயரில் கூடி, ஊதியம் கருதாது, லினக்ஸைத் தம் தாய்மொழியில் பேசவைத்தனர். தனியுடைமை மென்பொருளில் மொழி இடம்பெற நிறுவனத்தின் தயவு வேண்டும். இதிலோ ஆர்வமுள்ள பத்துப் பேர் போதும்.

ஆதலால் என் வேண்டுகோள் இது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கத்தின் நூலக அறையைப் பழைய கணினிகளுக்குத் திறந்துவைப்போம். கணினித் துறையில் பணியாற்றும் இளைஞர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். முதலில் கோப்புகளைப் படியெடுத்துப் பாதுகாப்பாக வையுங்கள். பிறகு ஒரு பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிக் காட்டுங்கள்; பழைய அமைப்பை அழிக்காமலே பார்க்கலாம். பிடித்தால் நிறுவட்டும், பிடிக்காவிட்டால் வந்த வண்ணமே எடுத்துச் செல்லட்டும். நிறுவிய பின்னர் விட்டுவிடாதீர்கள். மறுவாரம் ஒரு மாமி தொலைபேசியில் அழைத்து, "படம் அச்சாகவில்லையே, தம்பி" என்பார். அவ்வழைப்புக்கு நீங்கள் தரும் பொறுமையான விடையில்தான் வெற்றியும் தோல்வியும் அடங்கியுள்ளன.

கட்டற்ற இயங்குதளம் இல்லங்களை வெல்லுமா? தானாக வெல்லாது. விலையின்மையும் தரமும் அதை வாசல்வரை கொண்டுவரும். வாசலைத் தாண்டி உள்ளே அழைப்பது அயலாரின் அன்பே. அவ்வாறு நம் குடியிருப்பில் பத்துக் கணினிகள் மறுவாழ்வு பெற்றால், பத்துக் குடும்பங்களின் பணம் மிஞ்சும். பத்துப் பிள்ளைகளுக்குத் திறந்து பார்த்துக் கற்க ஒரு பொறி கிடைக்கும்.

 வாழிய தமிழ்!