மாதவிலக்கு நிற்கும் வயதில்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியது)



கடன் கணக்கு பேசி முடிச்சாச்சு. இனி நம்ம உடம்பைப் பத்தியும் கொஞ்சம் பேசுவோம்.

நம் பெண்கள் பலருக்கு 45 வயதிலிருந்து 50 வயதுக்குள் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. ஒரு வருடம் முழுக்க வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்பே சில வருடங்கள் தவறித் தவறி வரும். திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை குப்புன்னு சூடு ஏறும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது, எரிச்சல் வரும். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதுதான் காரணம். எனக்கு 47 வயதில் வந்தது. மார்கழிக் குளிரில் நான் ஃபேன் போட, வீட்டுக்காரர் கம்பளியை இழுத்துப் போர்த்த, தினமும் சண்டைதான்!

பருத்திச் சேலை கட்டுங்க. சாயங்காலத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். காரத்தைக் குறைங்க. இந்த வயதில் எலும்பு வலு குறையும். அதனால் கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை, நெத்திலி சாப்பிடுங்க. காட்டு வேலைக்குப் போறவங்களுக்கு வெயிலும் நடையும் தானாகவே கிடைச்சிடும். பீடி சுற்றுறவங்க, தையல் மெஷின்ல உட்காருறவங்க தினம் அரை மணி நேரம் வெயில்ல நடங்க.

இதுக்கும் அடங்கலைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டரைப் பாருங்க. ஹார்மோன் மாத்திரை இருக்கு. ஆனா மார்பகப் புற்றுநோய் வந்தவங்களுக்கும், இரத்தக்கட்டி வந்தவங்களுக்கும் அது பொதுவா கொடுக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா மாத்திரையை நீங்க போடாதீங்க. வறட்சியால தாம்பத்தியத்தின்போது எரியுதுன்னா அதுக்குத் தடவும் மருந்து உண்டு. டாக்டர்கிட்ட சொல்ல வெட்கப்படாதீங்க.

இன்னொன்று. குழுவில் கடன் வாங்கி கர்ப்பப்பையை எடுத்தவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன். "எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்பார்கள். சூடு ஏறுவதற்குக் கர்ப்பப்பை காரணமே இல்லை! சினைப்பையையும் சேர்த்து எடுத்துட்டா சூடு இன்னும் அதிகமாகும், எலும்பும் சீக்கிரம் பலவீனமாகும். புற்றுநோய், பெரிய கட்டி, மருந்துக்கு நிற்காத உதிரப்போக்கு என்றால் எடுக்க வேண்டி வரலாம். அப்பவும் கடன் மனு எழுதறதுக்கு முன்னாடி அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரைக் கேளுங்க.

என் பெரியம்மா மகளுக்கு நின்று இரண்டு வருடம் கழித்து உதிரம் பட்டது. "வயசு திரும்புது" என்று சிரித்துக்கொண்டே எட்டு மாதம் சும்மா இருந்தார். நான் நர்ஸ். என்கிட்டகூடச் சொல்லலை. பார்த்தபோது கர்ப்பப்பையில் புற்றுநோய் முற்றியிருந்தது. அப்படிப் படுவதெல்லாம் புற்றுநோய் இல்லை, ஆனால் பரிசோதித்தால்தான் தெரியும். ஒரு சொட்டு பட்டாலும் அந்த வாரமே போங்க. துணைக்கு ஆள் இல்லைன்னா குழுத் தலைவியைக் கூப்பிடுங்க.

கேள்வி இருந்தா கேளுங்க. எல்லார் முன்னாடியும் கேட்கக் கூச்சமா இருந்தா, கூட்டம் முடிஞ்சதும் வெளியே வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பேன்.