எடை மேடைக்குள் ஒரு தராசு



டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டங்களில் வெட்டிய செம்பனைக் குலைகள் லோரியில் ஏறி, ஆலை வாசலிலுள்ள எடை மேடைக்குப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். குலை வெட்டுவோர் பலருக்கு டன் கணக்கில்தான் கூலி. "உச்சி வெயிலில் அந்த மெஷின் தப்பாகக் காட்டாதா, சார்?" என்று ஒரு மாணவனின் தாயார் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சம்பளச் சீட்டைத் தொடும் விஷயமல்லவா!

மின்னணு எடை மேடையை எஃகுக் கட்டைகள் தாங்குகின்றன. அவற்றின்மேல் மெல்லிய உலோக இழைகள் நெளிநெளியாக ஒட்டப்பட்டிருக்கும். பாரம் ஏறினால் எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதனுடன் சில இழைகள் நீளும், சில சுருங்கும். நீண்டால் மின்தடை கூடும், சுருங்கினால் குறையும். ஆனால் 350 ஓம் உள்ள இழையில், முழுப் பாரத்திலும் ஒரு ஓம் அளவுக்குக்கூட மாற்றம் இராது. வெயிலும் தடையை மாற்றும். பாரத்தையும் வெயிலையும் எப்படிப் பிரிப்பது?

1833-இல் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர் இதற்கு உதவும் மின்சுற்றைக் கண்டார். 1843-இல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் அதைப் பலரறியச் செய்தார். பெருமை கிறிஸ்டிக்கே என்று அவர் சொல்லியும், 'வீட்ஸ்டன் பாலம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மின்சாரம் இரண்டு பாதைகளாகப் பிரிந்து மீண்டும் சேர்கிறது. ஒவ்வொரு பாதையிலும் இரண்டு தடைகள். இரு பாதைகளின் நடுப்புள்ளிகளை இணைத்து ஒரு மீட்டர், அதுதான் பாலம். இரு பாதைகளிலும் தடைகளின் விகிதம் ஒன்றானால் முள் அசையாது. தராசுத் தட்டுகள் சமமாக நிற்பதுபோல! மூன்று தடைகள் தெரிந்தால், முள் பூச்சியத்துக்கு வரும்வரை ஒன்றைத் திருத்தி நான்காவதைக் கணக்கிடலாம். பேட்டரி சற்று இளைத்திருந்தாலும் விடை மாறாது. வகுப்பில் பழைய பேட்டரியை வைத்தே பிள்ளைகளுக்கு இதைக் காட்டினோம். நம்ப மறுத்தவன் தானே செய்து பார்த்தான்.

எடை மேடையில் நான்கு தடைகளும் இழைகளே. வெயில் நான்கையும் ஒன்றாகச் சுடுகிறது. விகிதம் ஏறக்குறைய மாறாது. பாரமோ இரண்டை நீட்டி, இரண்டைச் சுருக்குகிறது, சமநிலை குலைகிறது. அந்தச் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கித்தான் கருவி எடையைக் காட்டுகிறது.

ஆகவே, அம்மா, வெயிலைப் பெரிதாகச் சந்தேகிக்க வேண்டாம். மேடைக்கடியில் மண் அடைத்திருக்கிறதா, லோரி ஏறுமுன் எண் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். 1972-ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டப்படி இட்ட முத்திரை உண்டா என்றும் கேளுங்கள்.