குழாய் சின்னது, கோளாறு பெரிசு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்காவில இருந்து வர்றீங்க, பசங்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் பற்றிப் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேசப் போவது ஒரு பழைய பிக்கப் வண்டியின் ரப்பர் குழாய்களைப் பற்றி. யாரும் எழுந்து போயிடாதீங்க, பத்தே நிமிஷம்தான்.

கலிபோர்னியாவில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒருவர் இருக்கிறார். மெக்சிகோவிலிருந்து வந்தவர். வீடு வீடாகத் தோட்ட வேலை செய்து பிழைக்கிறார். அவரிடம் இருப்பது 1986-ஆம் ஆண்டு டொயோட்டா பிக்கப். 22ஆர் என்ற 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர் வைத்தது. புல்வெட்டும் மெஷின், மண்வெட்டி, ஏணி எல்லாம் அதில்தான் போக வேண்டும். வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

அந்த மாநிலத்தில் 1976 முதல் வந்த பெட்ரோல் வண்டிகளுக்குப் பெரும்பாலான ஊர்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புகைப் பரிசோதனை உண்டு. அதில் தேறாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. இவர் வண்டி தேறவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் "கார்புரேட்டர் போச்சு, புதுசு போடணும்" என்று சொல்லி, அவருடைய அரை மாத வருமானத்தைக் கேட்டிருக்கிறார்கள். "நீங்க எஞ்சினியர்தானே, கொஞ்சம் பாருங்களேன்" என்று என்னிடம் வந்தார்.

முதலில் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல், அளவுக்கு மேலே. கார்பன் மோனாக்சைடு குறைவு. ஆக்சிஜன் அதிகம். மாணவர்களே, இதிலிருந்து என்ன தெரிகிறது? கார்புரேட்டர் பெட்ரோலைக் கொட்டியிருந்தால் மோனாக்சைடு ஏறியிருக்க வேண்டும். அது ஏறவில்லை. ஒன்று, ஸ்பார்க் சரியில்லை. அல்லது, எங்கிருந்தோ கள்ளத்தனமாகக் காற்று நுழைகிறது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று ரொம்பக் கூடிவிட்டால் கலவை சில சுற்றுகளில் தீப்பிடிக்காமலே வெளியேறிவிடும். பிளக், ஒயர், டைமிங் எல்லாம் பார்த்தேன், நன்றாக இருந்தன. மிச்சம் இருந்தது காற்றுதான்.

பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் மூடியிருக்கும்போது பிஸ்டன் காற்றை இழுக்கும், வழி அடைத்திருக்கும். அதனால் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது. சம்பளம் வாங்காத வேலைக்காரன் மாதிரி, இந்த வேக்குவம்தான் பிரேக் பூஸ்டரை இழுக்கிறது, புகையைக் குறைக்கும் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. இத்தனைக்கும் போய்வருபவை ரப்பர் குழாய்கள்தான். எது எங்கே போகிறது என்ற படம் பானெட்டின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

முப்பது வருஷத்துக்கு மேல் எஞ்சின் சூட்டில் கிடந்த ரப்பர், காய்ந்த புளியம்பழ ஓடு மாதிரி நொறுங்கியது. ஆனாலும் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு கட்டவில்லை. வேக்குவம் கேஜை மாட்டினேன். நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்ட வேண்டும். இதில் முள் ஆடாமல் அசையாமல் 14-இல் நின்றது. பிறகு ஒவ்வொரு குழாயாக, வாய் வழவழப்பான இடுக்கியால் லேசாக அழுத்தினேன். உடையும்படி இருந்தவற்றைக் கழற்றி, கிளம்பும் முனையை மூடிப் பார்த்தேன். பி.சி.வி. குழாயை அடைத்ததும் முள் ஏறியது. அதன் அடிப்பக்கம் நீளமாகப் பிளந்திருந்தது. பிரேக் பூஸ்டர் குழாயை அடைத்தபோதும் ஏறியது. கிளாம்ப் பக்கத்தில் வெடிப்பு. "பிரேக் பெடல் கல்லு மாதிரி இருக்குது, கால் வலிக்குது" என்று அவர் அப்போதுதான் சொன்னார். பாரம் ஏற்றிக்கொண்டு மலைச் சரிவில் இறங்குகிற வண்டி. புகையை விட இது பெரிய விஷயம் இல்லையா?

சிலர் கசிவு தேட, ஓடுகிற எஞ்சின்மேல் பெட்ரோலோ கார்புரேட்டர் கிளீனரோ அடிப்பார்கள். தீப்பிடிக்கும், வேண்டாம். தண்ணீரைச் சன்னமாகத் தெளித்தாலே பல இடங்களில் தெரிந்துவிடும்.

மாற்றும்போது ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒரு குழாய். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டால் திரும்ப மாட்ட ஆண்டவன்தான் வரணும். பழைய பிளாஸ்டிக் முனைகள் உடைந்துவிடும். இழுக்காமல் பிளேடால் குழாயை நீளவாக்கில் கீறி எடுக்க வேண்டும். அதே உள்விட்டம், அதே நீளம். ஒருவழி வால்வு இருந்தால் எந்தப் பக்கம் எப்படி இருந்ததென்று குறித்துக்கொள்ள வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே ரப்பர் உதவாது. பி.சி.வி.க்கு எண்ணெய் தாங்கும் குழாய், பெட்ரோல் ஆவி போகும் வழிக்குப் பெட்ரோல் தாங்கும் குழாய், பிரேக் பூஸ்டருக்கு உள்ளே நூல் வைத்த கெட்டிக் குழாய். சாதாரணக் குழாய் போட்டால் உறிஞ்சும் வேகத்தில் சப்பிப் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. முள் 19-இல் நின்றது. கசிவை மறைக்க யாரோ ஏற்றி வைத்திருந்த ஐடிலிங் ஸ்குரூவையும் இறக்கிச் சரிசெய்தோம். அடுத்த வாரம் வண்டி பரிசோதனையில் தேறியது. குழாய்ச் செலவு ஒரு நாள் கூலிகூட இல்லை. கார்புரேட்டர் அதே பழைய கார்புரேட்டர்தான்.

"இதெல்லாம் அமெரிக்கக் கதை, நம்ம ஊர்ல டீசல் பிக்கப்தானே ஓடுது" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். டீசலில் மேனிஃபோல்டு வேக்குவத்தை நம்ப முடியாது. அதற்காகத் தனிப் பம்ப் இருக்கும், பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரோடு சேர்த்தே. ஆனால் பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய் அங்கேயும் ரப்பர்தான். இன்றைக்கே வீட்டு வண்டியில் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலைந்து முறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உடனே காட்டுங்கள்.

மாணவச் செல்வங்களே, "போச்சு, புதுசு போடு" என்று சொல்ல நாலு வருஷப் படிப்பு வேண்டாம். ஏன் போச்சு என்று அளந்து சொல்லத்தான் உங்களைப் படிக்க வைக்கிறார்கள். நீங்கள் தவறாகச் சொன்னால், பணம் கொடுப்பவர் அரை மாதச் சோற்றைக் கொடுக்கிறார்.

எங்கள் வகுப்புத் தோழர்கள் சார்பில் ஆட்டோமொபைல் லேபுக்கு இரண்டு வேக்குவம் கேஜும் ஒரு கைப்பம்பும் கொண்டு வந்திருக்கிறேன். தயவுசெய்து பீரோவில் வைத்துப் பூட்டிவிடாமல், மாணவர் கையில் கொடுக்கும்படி துறைத்தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.