சரக்கு தானாவா நடந்து வந்துச்சு?

எனக்குப் பதில் சொல்லத் துண்டுச் சீட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! இடமில்லாமல் கடைசி வரையில் நின்றுகொண்டே கேட்கிற கள்ளக்குறிச்சிப் பெருமக்களே!

'தானாக' என்ற சொல்லை நாம் அதிகம் பயன்படுத்துவது பாராட்டவா, பழி சொல்லவா என்பது தலைப்பு. பாராட்டவே என்று பேசிய அம்மா, துணைக்குக் காளமேகப் புலவரைக் கூட்டிட்டு வந்தாங்க. ஆசுகவி! கேட்டவுடனே பாடியவர். மறுக்கவில்லை. ஆனால் அம்மா, ஆசு என்றால் விரைவு. நீங்கள் பாராட்டியது வேகத்தை. சட்டுன்னு, பட்டுன்னு, திடீர்னு, பொசுக்குன்னு... இதெல்லாம் எவ்வளவு சீக்கிரம் நடந்தது என்று சொல்கிற சொற்கள். 'தானா' என்பது வேறு ரகம். யார் தூண்டினது என்ற கேள்விக்கு அது பதில். யாரும் தூண்டலே, அதுவா நடந்துச்சு!

வீட்டிலே பாருங்க. அம்மா ஒரு முறை முறைச்சதும் ஐயா சட்டுன்னு எழுந்து வெங்காயம் நறுக்கப் போறார். சட்டுன்னு உண்டு. தானா உண்டா? (சிரிப்பு) நடுவர் ஏன் தலையைக் குனிஞ்சுக்கிறீங்க? (பலத்த சிரிப்பு)

இந்தச் சொல்லுக்கு நாம் கொடுக்கிற மரியாதை ஆளைப் பொறுத்தது ஐயா. சாமி தானாகத் தோன்றினால் தான்தோன்றீஸ்வரர். தேங்காய் உடைக்கிறோம். பையன் தானாக ஒரு முடிவெடுத்தால் தான்தோன்றித்தனம். முதுகில் உடைக்கிறோம். (சிரிப்பு, கைதட்டல்) தன்னிச்சை என்ற சொல்லை எடுங்கள். தன் இச்சை, சொந்த விருப்பம். அதில் என்ன குற்றம்? ஆனால் 'அதிகாரி தன்னிச்சையாக முடிவெடுத்தார்' என்று பத்திரிகையில் வந்தால், அது பாராட்டா, புகாரா? 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் கூடினார்கள். 'தன்னெழுச்சி' என்று எழுதினார்கள். நல்ல சொல், எதிரணிக்கே தர்றேன், வச்சுக்குங்க. ஆனால் 23-ஆம் தேதி கூட்டத்தைக் கலைத்தபோது, உள்ளே சமூக விரோதிகள் புகுந்துட்டாங்க என்று பேச்சு மாறிப்போச்சு. ஒரு வாரம்கூட அந்தச் சொல்லை நாம் நம்பவில்லை.

சரி, சிரிச்சது போதும். இந்த ஊருக்கு வர்றேன்.

சாயங்காலம் இங்கே ஒரு டீக்கடையில் நின்றேன். 2024 ஜூன் மாதத்தைப் பற்றிப் பேச்சு. கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து, அதைச் சுற்றி 60-க்கும் மேற்பட்ட உயிர் போனதே, அந்த மாதம். செத்தவர் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் கொடுத்தது. ஒருத்தர் சொல்றார்: "அவனா குடிச்சான், அவனா செத்தான். இதுக்கு எதுக்குங்க 10 லட்சம்?" நாடு முழுக்கக் கேட்ட கேள்விதான் இது. எங்க தெருவிலும் கேட்டேன். உண்மையைச் சொல்றேன், என் மனசிலும் ஒரு மூலையில் இருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். "ஏங்க, அவனா குடிச்சான், சரி. சரக்கு தானாவா நடந்து வந்துச்சு?" (கைதட்டல்)

நடுவர் அவர்களே, டாக்டர் பட்டம் வாங்கின எனக்கு அந்தக் கேள்வி தோணலே. அந்தச் சரக்கில் இருந்தது மெத்தனால். அது மலையில் விளைவதில்லை, மரத்தில் வடிவதில்லை. தொழிற்சாலைப் பொருள். அதை ஒருத்தர் வாங்கி, ஒருத்தர் ஏற்றி, ஒருத்தர் கலந்து, ஒருத்தர் பாக்கெட் போட்டு, இத்தனை பேர் கை மாறிய பிறகுதான் அந்தக் கூலிக்காரன் கைக்கு வந்தது. கடைசிக் கைக்கு மட்டும் நாம் 'தானா' என்று பேர் வைக்கிறோம்.

இங்கிருந்து கச்சிராயபாளையம் வழியா மேலே ஏறினால் கல்வராயன் மலை. அங்கே மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்துக்காரர் என்று நினைச்சுடாதீங்க, மலையை ஆள்கிறவர் மலையாளி. பேரில்தான் ஆட்சி! 1976 வரைக்கும் அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கிற வழக்கமும் இருந்தது. கையைக் கட்டி யாராவது இழுத்துட்டு வந்தாங்களா? "காலங்காலமா அவங்களா வர்றாங்க" என்று சொல்லிவிடலாம். நாடு முழுவதும் கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்ததும் அதே 1976-ல்தான்.

அப்புறம் 1982. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் கட்டட வேலை பார்த்தவர்களைப் பற்றிய வழக்கு. அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. எது கட்டாயம்? அடித்து வேலை வாங்குவது மட்டும் இல்லை, பசியும் வறுமையும் தள்ளி ஒருத்தன் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒத்துக்கொண்டால் அதுவும் கட்டாயம்தான் என்றது உச்ச நீதிமன்றம். 'தானா வந்தான்' என்ற சொல்லுக்கு இவ்வளவு நல்ல உரையை நான் எந்தத் தமிழ் அகராதியிலும் படித்ததில்லை. (கைதட்டல்)

எதிரணியில் ஒருத்தர் சிரிக்கிறார். கையில் என்ன வைத்திருக்கிறார் என்று தெரியும். சாராயச் சாவுக்குப் பிறகு, 2024 ஜூலையில், கல்வராயன் மலை மக்களின் நிலைமை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 'தாமாக முன்வந்து' வழக்கெடுத்தது. பாராட்டுத்தானே என்பார். பாராட்டுத்தான். வந்ததே பெரிசு. ஆனால் கவனிங்க. நீதிமன்றம் அஃறிணை, ஒருமை. இலக்கணப்படி 'தானாக' என்றுதான் வரணும். மரியாதைக்காக 'தாமாக' என்று எழுதுகிறோம். எழுதட்டும், நான் மார்க் குறைக்கமாட்டேன். (சிரிப்பு) நீதிமன்றம் வந்தால் தாமாக. கருணாபுரத்துக்காரன் செத்தால் தானா. மகரத்துக்கும் னகரத்துக்கும் நடுவில் இவ்வளவு தூரம்!

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த மலைக்கு ரோடு வேணும், ஆஸ்பத்திரி வேணும், பள்ளிக்கூடம் வேணும் என்கிறது நேற்றைய பேச்சா? இத்தனை சாவுக்குப் பிறகு எல்லாரும் மலையைத் திரும்பிப் பார்த்தோமே, அதைத் தானாகப் பார்த்தது என்று எப்படி ஐயா சொல்வது? செத்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்தோம்.

மணி அடிச்சிட்டீங்க. நானாக உட்காரவில்லை, நடுவர் உட்காரச் சொன்னதால்தான் உட்காருகிறேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். (சிரிப்பு) (நீண்ட கைதட்டல்)