குஞ்சுகளின் பூசலும் நமது பொறுப்பும்

(நாகூரில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



"கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்பது நம் பழமொழி. தாய்க்கோழியின் கால் குஞ்சைக் கொல்வதில்லை என்பது மெய்யே. ஆனால் தாயின்றி விளக்கடியில் வளரும் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தி மடிவதுண்டு. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இவ்வூருக்கு அருகே ஓர் அம்மையார் மகளிர் குழுவில் கடன் பெற்று 50 குஞ்சுகள் வாங்கினார். 12ஆம் நாள் ஒரு குஞ்சின் பின்புறத்தில் இரத்தத்தைக் கண்டு என்னிடம் வந்து கேட்டார். "அது குஞ்சுகளின் இயல்பு, தானே அடங்கிவிடும்" என்றேன். ஒரே வாரத்தில் 16 குஞ்சுகள் மாண்டன. கண்ணேறு பட்டதென்று எண்ணி, அவர் எஞ்சியவற்றை விற்றுவிட்டுப் பஞ்சாரத்தைப் பரண்மேல் போட்டுவிட்டார். கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. பிழை அவருடையதன்று; என் விடையே பிழை.

கோழிகளிடையே மூத்தது, இளையது என்னும் வரிசை உண்டு. அதற்காகத் தலையில் ஓரிரு முறை கொத்தி விலகும் பூசல் தானே ஓயும். விரலையும் வாலடியையும் இரத்தம் வரக் கொத்துவது வேறு. அது, வளர்ப்பு முறையில் குறை உண்டென்று குஞ்சுகள் நமக்குச் சொல்லும் முறையீடாகும்.

பிறகு நான் அந்த அம்மையாரின் கொட்டகையைப் பார்த்தேன். இடம் குறுகியது, இரவும் பகலும் கண்கூசும் வெள்ளை விளக்கு, தீனியோ வெறும் குருணை. மூன்று குறைகளும் திருத்தக்கூடியவையே.

முதல் நான்கு வாரங்களுக்குக் குஞ்சு ஒன்றுக்கு அரைச் சதுர அடியும், எட்டாம் வாரம் வரை ஒரு சதுர அடியும் இடம் வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தந்து, வாரந்தோறும் 5 டிகிரி குறைத்து வருக. வெப்பமானி இல்லையேல் குஞ்சுகளே சொல்லும்: விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு, பரவிப் படுத்தால் நலம். சிவப்பு விளக்கிட்டால் இரத்தம் கண்ணில் படாது, கொத்தலும் குறையும். குருணையில் புரதம் போதாது. குஞ்சுத் தீவனத்துடன் கறையானும் கொடுக்கலாம். கீரைக் கட்டைத் தொங்கவிட்டால் அலகுக்கு வேலை கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த உமியை உடனே மாற்றுக.

காயம் பட்ட குஞ்சை அக்கணமே பிரித்து வைத்து, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசுக. புண் ஆறியபின், அந்தி வேளையில் துணைக் குஞ்சு ஒன்றுடன் சேர்த்து விடுக.

எல்லாச் சாவும் கொத்தலால் வருவதன்று. வெள்ளைக்கழிச்சலுக்கு 7ஆம் நாள் கண்ணில் சொட்டு மருந்தும், 8ஆம் வாரம் இறக்கையில் ஊசியும் தேவை. பல குஞ்சுகள் ஒருசேர மாண்டால் கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவியுங்கள். இறந்தவற்றை வாய்க்காலில் எறியாது, சுண்ணாம்பிட்டு ஆழப் புதையுங்கள்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வீட்டில் குஞ்சுகள் மாண்டன என்று கேட்டால், நேரில் சென்று காரணம் வினவுங்கள். இழப்பை நாளும் எண்ணிக்கையும் இட்டுக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதப்பட்ட இழப்பு பாடமாகும். எழுதாத இழப்பு அச்சமாகவே நின்றுவிடும்.

அந்த அம்மையார் இவ்வாண்டு 10 குஞ்சுகளுடன் மீண்டும் தொடங்கினார். பருந்து ஒன்றைக் கொண்டுபோயிற்று. கொத்துப்பட்டு ஒன்றும் மடியவில்லை. மீதி ஒன்பதும் இன்று அவர் முற்றத்தில் மேய்கின்றன.