ஓடித் தேய்ந்த கால்களுக்கு என்ன விலை?



இந்த ஆண்டு நினைவுப் பேருரைக்கு இந்தப் பொருளை நாங்கள் முன்வைத்தபோது அமைப்புக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், வருடத்துக்குக் கோடி டாலர் வாங்குகிறவனுக்காக நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்த மூத்த தோழரின் பழக்கம் ஒன்றுதான் எங்களை இந்தப் பக்கம் இழுத்தது. எந்தக் கூலி ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தாலும் அவர் தொகையைப் பார்க்க மாட்டார். ‘எத்தன வருசத்துக்கு? நடுவுல நிறுத்துனா என்ன தருவான்?’ என்றுதான் முதலில் கேட்பார். அந்த இரண்டு கேள்விகளையும் உலகத்தின் பணக்கார விளையாட்டு ஒன்றில் கேட்டுப் பார்க்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் மக்களின் உடல் எத்தனை வருடத்தில் எவ்வளவு தேய்ந்தது என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் கணக்கில்லை. மலக்குழிக்குள் இறங்கியவர் எத்தனை முறை இறங்கினார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அங்கே எல்லாமே எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை முறை பந்தோடு ஓடினான், எந்த வயதில், என்ன கூலிக்கு, எப்போது கழற்றிவிட்டார்கள் என்பதெல்லாம் பொதுவில் கிடக்கிறது. உடலுழைப்புக்கு விலை வைக்கும் எந்திரத்தை மூடி திறந்து பார்க்க இதைவிட வசதியான இடம் இல்லை.

நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல இது. பக்கத்துக்கு 11 பேர். குவார்ட்டர்பேக் என்பவர் ஆட்டத்தை நடத்துகிறார், பந்தை எறிகிறார். ரன்னிங் பேக் என்பவர் அவர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு நூறு கிலோவுக்கு மேற்பட்ட மனிதர்கள் சுவராக நிற்கும் இடத்துக்குள் ஓடுகிறார். பெரும்பாலும் ஒவ்வொரு ஓட்டமும் அவரை யாராவது தரையில் அடித்து வீழ்த்துவதோடுதான் முடியும். 2024 பருவத்தில் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் சேக்வான் பார்க்லி 345 முறை அப்படி ஓடி 2,005 கெஜம் எடுத்தார். இறுதிச் சுற்றுகள் இதில் சேரவில்லை.

இந்தத் தொழிலுக்குள் வருவதற்கே வரிசையாகக் கதவுகள் இருக்கின்றன. பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆனால்தான் என்.எஃப்.எல். என்னும் தேசிய லீக் உள்ளே விடும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் கிளாரெட் என்ற ரன்னிங் பேக் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். கீழ்நீதிமன்றத்தில் வென்றார், 2004-இல் மேல்முறையீட்டில் தோற்றார். தீர்ப்பை எழுதியவர் பிற்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமேயர். ஆக, அந்த மூன்று ஆண்டுகள் கல்லூரிக்காக ஓட வேண்டும். 2021 வரை அதற்கு உதவித்தொகையும் படிப்புச் செலவும்தான். அவன் பெயரை வைத்து வரும் வருமானத்தில் அவனுக்குச் சல்லிக்காசு கிடையாது.

அடுத்த கதவு, புதுமுகத் தேர்வு. எந்த ஊருக்கு, எந்த முதலாளிக்கு என்று அவன் முடிவு செய்வதில்லை. 2011 தொழில் ஒப்பந்தத்துக்குப் பிறகு புதுமுகங்களின் சம்பளம் அளவுகோல் போட்டு நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. நான்கு ஆண்டு, முதல் சுற்றில் தேர்வானவன் என்றால் அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டும். மூன்று பருவம் முடியாமல் மறுபேச்சே கிடையாது. அதற்கும் பிறகு ‘ஃபிரான்சைஸ் டேக்’ என்று ஒரு முத்திரை. ஒப்பந்தம் முடிந்தவனை வெளியே விடாமல், அவன் இடத்தில் ஆடும் முதன்மையானவர்களின் சம்பளச் சராசரியை ஒட்டி ஓராண்டுக் கூலி கொடுத்து அணி பிடித்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டும் பிடிக்கலாம், 20 சதவிகிதம் கூட்டிக் கொடுத்தால் போதும்.

கணக்குப் போடுங்கள். 21, 22 வயதில் நுழைகிறான். நான்கோ ஐந்தோ ஆண்டு, மேலே ஒன்றிரண்டு முத்திரைகள். சந்தையில் தன் விலையை அவனே கேட்கக்கூடிய நாள் வரும்போது வயது 27, 28. அந்த வயதில் ரன்னிங் பேக்கைக் கிழவன் என்கிறார்கள். லீக்கில் ஓர் ஆட்டக்காரரின் சராசரி ஆயுள் மூன்றேகால் வருடத்தை ஒட்டியது என்பது ஆட்டக்காரர் சங்கத்தின் கணக்கு. ரன்னிங் பேக்குக்கு அதைவிடக் குறைவு. சராசரி ரன்னிங் பேக் இரண்டாவது ஒப்பந்தத்தைப் பார்ப்பதே இல்லை. அதனால்தான் இந்த ‘நீட்டிப்பு’ என்னும் சொல் அவர்களுக்கு அவ்வளவு பெரிய சொல். நடுவழியில் பேரம் பேசக் கிடைக்கும் ஒரே ஜன்னல் அது.

ஜன்னல் திறந்தவர்களைப் பார்ப்போம். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் டாட் கர்லி 2017-இல் தாக்குதல் பிரிவின் சிறந்த ஆட்டக்காரர். 2018 ஜூலையில் அவருக்கு நான்கு ஆண்டு நீட்டிப்பு, 5.75 கோடி டாலர். பத்திரிகையெல்லாம் அந்தத் தொகைதான். ஆனால் பழைய ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு பாக்கி இருந்தது. நீட்டிப்பின் ஆண்டுகள் 2020-இல்தான் தொடங்க வேண்டும். முழங்கால் போய்விட்டது. 2020 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது. நீட்டித்த நான்கு ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவர் அந்தச் சட்டையைப் போடவில்லை. பெரிய தொகை ஒன்று கைக்கு வந்தது, அதை மறுக்கவில்லை. அட்லாண்டாவில் ஒரு பருவம் ஆடினார். லீக்கில் அதுவே கடைசி.

டல்லாஸின் எசக்கியல் எலியட் 2019-இல் பயிற்சிக்கு வராமல் மெக்சிகோவில் உட்கார்ந்து பேரம் பேசி, ஆறு ஆண்டு நீட்டிப்பு வாங்கினார். 9 கோடி டாலர். 2023 மார்ச்சில் விடுவிக்கப்பட்டார். அந்த ஆறில் ஆடியது இரண்டு. நம் மூத்த தோழரின் இரண்டாவது கேள்வி இங்கேதான் வேலை செய்கிறது. 9 கோடியில் உறுதி செய்யப்பட்டது எவ்வளவு என்பதுதான் விலை, மற்றது விளம்பரம்.

சமூகவியல் வகுப்பில் அனுபவம் சேரச் சேரக் கூலி ஏறும் என்று படித்தோம். அது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் சமூகவியல். உடலை மட்டும் விலை பேசும் வேலையில் அனுபவம் கழிக்கப்படுகிறது. 300 முறை ஓடினாய், அதனால் உனக்குத் திறமை கூடியிருக்கிறது என்று சொல்வதில்லை. 300 முறை அடிவாங்கியிருக்கிறாய், அதனால் உன் மதிப்பு குறைந்திருக்கிறது என்கிறார்கள். தேய்த்தவனே தேய்மானத்தைக் காட்டி விலையைக் குறைக்கிறான்.

எதிர்த்தவர்கள் இல்லையா? பிட்ஸ்பர்க்கின் லீவியான் பெல், இரண்டாவது முத்திரைக்கான 1.45 கோடி டாலரை வேண்டாம் என்று சொல்லி 2018 பருவம் முழுவதும் வீட்டில் இருந்தார். அடுத்த ஆண்டு வேறு அணிக்குப் போனார், பழைய ஆட்டம் திரும்பவில்லை. அவரைப் பைத்தியக்காரன் என்று எழுதாத விளையாட்டுப் பத்தி குறைவு. ஒருவன் தன் உடம்பை ஓராண்டு தனக்கென்று வைத்துக்கொண்டதை நமக்கு அப்படிப் பார்க்க முடியவில்லை.

2017-இல் ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 16.7 கோடி டாலர். ரன்னிங் பேக்குக்கான முத்திரைக் கூலி 1.21 கோடி. 2023-இல் உச்சவரம்பு 22.48 கோடியாக ஏறியது. முத்திரைக் கூலி 1.01 கோடிக்கு இறங்கியது. அதே ஆண்டு குவார்ட்டர்பேக்குக்கு 3.24 கோடி. அந்தக் கோடையில் பார்க்லி, ஜோஷ் ஜேக்கப்ஸ், டோனி பொலார்ட் மூவருக்கும் முத்திரை குத்தி, நீட்டிப்பு தராமல் கெடு முடிந்தது. சில நாளில் ஆஸ்டின் எக்லர் கூப்பிட, ரன்னிங் பேக்குகள் ஜூம் திரையில் கூடிப் பேசினார்கள். இண்டியானாபொலிஸ் அணியின் முதலாளி ஜிம் இர்சே உடனே எழுதினார்: கூட்டு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, இப்போது ஒரு பிரிவுக்கு மட்டும் தனியாகக் கேட்பது முறையல்ல என்ற பொருளில்.

இதைப் படித்தபோது எங்களுக்கு ஏதோ கேட்ட குரல் போலவே இருந்தது. 2019-இல் ரன்னிங் பேக்குகளுக்கென்று தனியே ஒரு தொழிற்சங்கப் பேர அலகு வேண்டும் என்று தேசியத் தொழிலுறவு வாரியத்திடம் ஒரு மனு போனது. தேறவில்லை. பெரும்பான்மைச் சங்கத்துக்குள் சிறுபான்மையின் துயரம் எப்படிக் கரைந்துபோகும் என்பதை 1932-ஐக் கடந்து வந்த நாம் யாரிடமும் கற்க வேண்டியதில்லை.

முதலாளிகள் தரப்பில் ஒரு வாதம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. விதிகள் மாறி, பந்தை எறிவதுதான் ஆட்டம் என்றாகிவிட்டது. முன்னால் தடுக்கிறவர்கள் சரியாக இருந்தால் குறைந்த கூலிப் புதுமுகமும் ஏறக்குறைய அதே கெஜத்தை எடுக்கிறான் என்கிறார்கள் புள்ளிவிவரக்காரர்கள். இருக்கலாம். அப்படியானால் முத்திரை எதற்கு? எவனை வேண்டுமானாலும் வைத்து ஆடலாம் என்றால் இவனைப் போக விடலாமே. ‘நீ இல்லாவிட்டால் இன்னொருவன்’ என்று சொல்லிக்கொண்டே வாசலை அடைத்து நிற்கிற ஆண்டையை நம் பாட்டன்மார் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது, அந்த இடத்தில் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வி. 1970-இல் ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க விளையாட்டில் கறுப்பர்கள் எந்தெந்த இடங்களில் அடுக்கப்படுகிறார்கள் என்று எண்ணிக் காட்டினார்கள். யோசிக்கிற, ஆட்டத்தை நடத்துகிற நடு இடங்கள் வெள்ளையருக்கு. ஓடுகிற, விரட்டுகிற ஓரங்கள் கறுப்பருக்கு. குவார்ட்டர்பேக் இடம் இன்று பெருமளவு திறந்திருக்கிறது, உண்மை. ரன்னிங் பேக் இடம் இன்றும் ஏறக்குறைய முழுக்கக் கறுப்பர்களுடையது. 32 அணிகளில் ஒன்றின் முதன்மை உரிமையாளராகக்கூட ஒரு கறுப்பர் இதுவரை இருந்ததில்லை.

நமக்குப் பல்வங்கர் பாலு நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. புனேயில் ஆடுகளம் உருட்டிய சமார் இளைஞர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். இந்து அணிக்கு அவர் கை வேண்டும். தேநீர் மட்டும் வெளியே, தூக்கியெறியும் மண்குவளையில். தலைமை கடைசிவரை அவருக்கு இல்லை, 1923-இல் தம்பி விட்டலுக்குத்தான் வந்தது.

கறுப்பு என்பது வெறும் தற்செயல் என்பவர்களுக்கு நாஜே டேவன்போர்ட்டின் வழக்கைச் சொல்ல வேண்டும். அவரும் ஒரு முன்னாள் ரன்னிங் பேக். தலையில் அடிபட்டு மூளை பாதித்த ஆட்டக்காரர்களுக்கு லீக் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. மூளைத்திறன் சோதனையை மதிப்பிடும்போது, கறுப்பர்களின் தொடக்க நிலையே குறைவானது என்று கொண்டு மதிப்பெண்ணைத் திருத்தினார்கள். அதாவது, கறுப்பன் இழந்தான் என்று நிரூபிப்பது கடினம், ஏனென்றால் அவனிடம் முதலிலேயே குறைவாகத்தான் இருந்தது. டேவன்போர்ட்டும் கெவின் ஹென்றியும் 2020-இல் வழக்குப் போட்டார்கள். 2021 மார்ச்சில் தள்ளுபடியானது. எதிர்ப்பு பெருகி, ஜூனில் அந்த முறையைக் கைவிடுவதாக லீக் சொன்னது. நூறாண்டுக்கு முந்திய கதையல்ல, கொரோனாக் காலத்துக் கதை.

கிறிஸ்டியன் மெக்காஃப்ரி வெள்ளையர்தானே, 2020-இல் ஆண்டுக்கு 1.6 கோடி டாலருக்கு நீட்டிப்பு வாங்கி இந்த இடத்தின் உச்ச விலையை வைத்தவர் அவர்தானே என்று கேட்கலாம். ஆமாம். அடுத்த இரண்டு பருவமும் காயம், பிறகு வேறு அணிக்கு மாற்றப்பட்டார். அங்கே மீண்டு வந்து மறுபடியும் நீட்டிப்பு வாங்கினார். இந்த எந்திரம் தோலைப் பார்த்துக் கூலியைக் குறைப்பதில்லை. இடத்தைப் பார்த்துக் குறைக்கிறது. அந்த இடத்துக்கு யாரை அனுப்புவது என்பது எந்திரத்துக்கு வெளியே, அதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. சாதியும் தொழிலும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

முதலில் எதிர்த்த தோழர் கடைசியாக ஒன்று கேட்டார்: பார்க்லி ஜெயித்துவிட்டாரே? 2025 பிப்ரவரியில் கோப்பை, மார்ச்சில் இரண்டு ஆண்டு நீட்டிப்பு, 4.12 கோடி டாலர். ஆண்டுக்கு 2 கோடியைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக். எங்களுக்கும் மகிழ்ச்சிதான். டல்லாஸ் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்கு 6 கோடி என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டோம்.

பிறகு பழக்க தோஷத்தில் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டோம். எத்தன வருசத்துக்கு? கூட்டப்பட்டவை 2027, 2028 பருவங்கள். அப்போது பார்க்லிக்கு வயது 30, 31. நடுவுல நிறுத்துனா? உறுதி செய்யப்பட்டது 3.6 கோடி. டாட் கர்லியை அணி விடுவித்தபோது அவருக்கு வயது 25.